மாடு, ஆடு, நாய்: கருப்பைத் தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈன்ற பிறகு நிற்காமல் வழியும் ஒழுக்கு, விழாத நச்சுக்கொடி, பிடிக்காத சினை, மாதம் நிறையும் முன் வீசிய கன்று, பருவம் முடிந்த சில வாரத்தில் சோர்ந்து படுத்துவிட்ட நாய். இவற்றுக்குப் பின்னால் பாக்டீரியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது ஒரு நாட்காட்டி. ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, சினைக்குச் சேர்த்த தேதி. இந்த மூன்றையும் எழுதி வைக்கிறவர் நோயைப் பாதி கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்வேன். கீழே உள்ள பதில்களில் நாள் கணக்கு திரும்பத் திரும்ப வருவதும் அதனால்தான்.

கருப்பைத் தொற்று எல்லாமே ஒட்டுவாரொட்டியா?

இல்லை. இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் புரிவது எளிது.

முதல் வகை, ஒரு விலங்கிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவுவது. புருசெல்லா, கேம்பைலோபேக்டர், லெப்டோஸ்பைரா, கிளமிடியா, காக்சியெல்லா எல்லாம் இதில் சேரும். ஒரு மாட்டுக்கோ ஆட்டுக்கோ வந்துவிட்டால் மந்தையே சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

இரண்டாவது வகை, சாணத்திலும் மண்ணிலும் விலங்கின் சொந்தக் குடலிலும் எப்போதும் இருக்கிற கிருமிகள். ஈ.கோலை, ட்ரூபெரெல்லா பயோஜெனிஸ், ஃபியூசோபாக்டீரியம் போன்றவை. வாய்ப்புக் கிடைக்கும்வரை இவை சும்மா இருக்கும். கஷ்டப்பட்டு ஈன்றது, கொடி தங்கியது, உடலில் எதிர்ப்பு குறைந்தது என்று ஏதாவது ஒரு வழி திறந்தால் உள்ளே புகுந்துவிடும். நாய்க்கு வரும் சீழ்க்கருப்பையும் இந்த வகைதான். பக்கத்து வீட்டு நாயிடமிருந்து தொற்றுவதில்லை.

மாடு ஈன்று பத்து நாளாகிறது. இன்னும் ஏதோ வழிகிறது. பயப்பட வேண்டுமா?

வழிவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஈன்ற மாட்டின் கருப்பை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். பழைய இரத்தமும் சவ்வுத் துணுக்குகளும் சளியும் கலந்து இரண்டு மூன்று வாரம் வரை வெளியேறும். முதலில் சிவப்பு அல்லது பழுப்பாக இருக்கும், நாளாக நாளாக வெளிறிக் குறையும். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ 40 நாள் பிடிக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஈன்ற முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலான மாடுகளின் கருப்பையில் பாக்டீரியா இருக்கத்தான் செய்யும். கருப்பையின் வாய் திறந்திருக்கிறது, தொழுவம் அழுக்கு, வேறு எப்படி இருக்கும்? நன்றாகத் தின்று, உடல்நிலை தேறிவரும் மாடு அதை மருந்தில்லாமலே துடைத்தெறிந்துவிடும். ஆகவே ஒழுக்கைக் கண்டதுமே ஊசி போடுவது தேவையில்லாத வேலை.

மூக்கைப் பயன்படுத்துங்கள். இயல்பான கழிவுக்கு அழுகிய நாற்றம் இருக்காது. தண்ணீர் போல, செம்பழுப்பு நிறத்தில், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றத்தோடு வந்தால் அது கருப்பை அழற்சி. பெரும்பாலும் ஈன்ற முதல் பத்து நாளுக்குள், அதிகம் போனால் 21 நாளுக்குள் வரும். கூடவே உடல்வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும், தீவனம் குறையும், பால் இறங்கும், மாடு கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஒரு வெப்பமானி வாங்கி, ஈன்ற மாட்டுக்கு முதல் பத்து நாள் காலையில் ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், மாடு படுத்துவிடுவதற்கு முன்பே பல நேரம் தெரிந்துவிடும்.

21 நாளுக்குப் பிறகும் சீழ் வருகிறது. ஆனால் மாடு நன்றாகத் தின்கிறது, காய்ச்சலும் இல்லை.

அது வேறு நிலை. கருப்பையின் உள் சவ்வில் மட்டும் தொற்று தங்கிவிட்டது. மாடு படுத்திருந்து எழும்போது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கொஞ்சம் சீழ் வரும், வாலில் காய்ந்து ஒட்டியிருக்கும். பருவத்துக்கு வரும்போது விழும் வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இல்லாமல் நடுவே வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். மாட்டின் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சினை பிடிக்காது.

ஒவ்வொரு பருவத்தின்போதும் கருப்பை சுருங்கி அழுக்கை வெளியே தள்ளும். அதனால் சினைப்பையில் மஞ்சள் உடல் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, அடுத்த பருவத்தைத் தள்ளிவைக்கும் திசு) இருக்கும் மாட்டுக்கு, அதைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுப் பருவத்துக்குக் கொண்டுவருவதே பாதி மருத்துவம். கருப்பைக்குள் செலுத்தவென்றே தயாரித்த ஆன்டிபயாடிக்கும் உண்டு. வீரியமான அயோடின் போன்ற எரிச்சலூட்டும் திரவங்களை உள்ளே ஊற்றிக் கழுவும் பழைய வழக்கம் சவ்வைப் புண்ணாக்கிவிடும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நச்சுக்கொடி விழவில்லை. கையை விட்டு எடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாட்டுக்குக் கொடி பொதுவாக 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 24 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று கணக்கு. கொடி கருப்பையோடு ஒட்டியிருக்கும் இடங்கள் பொத்தான் மாட்டியது போல இருக்கும். அந்தப் பிடிப்பு தானாக விட வேண்டும். அதை விட்டுக்கொடுக்க வைப்பது மாட்டின் எதிர்ப்பு அணுக்கள்தான். பிடிப்பு விடும் முன் கையால் பிய்த்தால் உள்ளே புண்ணாகும், துண்டுகள் தங்கும், கையோடு போன கிருமி அந்தப் புண்ணில் குடியேறும். 'எடுத்துவிட்டோம்' என்ற திருப்தி வீட்டுக்காரருக்கு, விலை கொடுப்பது மாடு. தொங்கும் கொடியில் செங்கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். தரையில் இழுபடும் நீளத்தை மட்டும் வெட்டிவிடலாம். மீதி சில நாளில் அழுகித் தானே விழும்.

அதுவரை செய்ய வேண்டியது, தினமும் வெப்பம் பார்ப்பது. காய்ச்சல் வந்தால் உடனே உடலுக்கான ஆன்டிபயாடிக் வேண்டும். காய்ச்சல் இல்லாமல் தின்றுகொண்டிருந்தால் பல மாடுகள் மருந்தே இல்லாமல் தேறிவிடும். இரட்டைக் கன்று, மாதம் நிறையாத ஈற்று, இழுத்துப்போட்ட கன்று, சுண்ணாம்புச்சத்துக் குறைவு, செலினியமும் வைட்டமின் ஈயும் போதாத தீவனம், பெரும்பாலும் இவற்றால்தான் கொடி தங்குகிறது. அடுத்த ஈற்றுக்கு முன் கவனிக்க வேண்டிய இடங்களும் இவைதான்.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. குதிரைக்கு 3 மணி நேரத்துக்குள் கொடி விழவில்லை என்றாலே அவசரம். இரத்தத்தில் நஞ்சு ஏறிக் குளம்பு அழற்சிவரை போய்விடும்.

மாடு கொழுகொழுவென்று இருக்கிறது, ஈன்று மூன்று மாதமாகியும் பருவத்துக்கே வரவில்லை.

காரணங்கள் பல. அதில் ஒன்று, கருப்பை நிறையச் சீழ் தேங்கி நிற்பது. சினைப்பையில் உள்ள மஞ்சள் உடல் கரையாமல் இருப்பதால் கருப்பை வாய் மூடிக் கிடக்கும், மாடு சினையாக இருப்பது போலவே நடந்துகொள்ளும். சினை நின்றுவிட்டது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். கையால் சோதித்தோ ஸ்கேன் வைத்தோ பார்த்தால்தான் தெரியும். புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் வாய் திறந்து சீழ் வெளியேறும். அதே ஊசியை உண்மையில் சினையாக உள்ள மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். அதனால் சோதிக்காமல் போடக் கூடாத ஊசி அது.

மூன்று நான்கு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. தொற்றுதான் காரணமா?

எப்போதும் இல்லை. ஊசி போட்ட நேரம் தவறியிருக்கலாம், தீவனத்தில் சத்துக் குறைவு இருக்கலாம், வெயில் தாங்காமல் இருக்கலாம். தொற்றைச் சந்தேகிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன வழும்பில் சீழ்த் துணுக்கு. இன்னொன்று, பருவம் திரும்பும் இடைவெளி. சினை பிடிக்காத மாடு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 30 நாள், 40 நாள், 50 நாள் என்று ஒழுங்கில்லாமல் தள்ளித் தள்ளி வந்தால், சினை பிடித்துக் கரு ஆரம்பத்திலேயே செத்துப்போகிறது என்று பொருள்.

பொலிகாளையை வைத்துச் சேர்க்கும் மந்தையில் பல மாடுகள் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் கேம்பைலோபேக்டர் பீட்டஸ் வெனிரியாலிஸ் என்ற கிருமியை நினைக்க வேண்டும். காளையின் குறியுறையின் மடிப்புகளில் இது குடியிருக்கும். காளைக்கு ஒரு குறையும் தெரியாது. நன்றாகத் தின்னும், உற்சாகமாகச் சேரும், விந்தும் சரியாக இருக்கும். வயதான காளையின் உறையில் மடிப்புகள் ஆழமாக இருப்பதால் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடும். ஊர் ஊராகச் சேர்க்கைக்குப் போகும் காளை ஒன்றே போதும், சுற்றியுள்ள மாடுகள் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும். பெண் மாடுகள் சில மாதத்தில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டு மறுபடி சினை பிடிக்கத் தொடங்கும். காளை மாறாது. அதனால் மாட்டுக்கு மருத்துவம் செய்யும் முன் காளையைச் சோதிப்பதே சரி.

செயற்கைக் கருவூட்டல் செய்தால் இந்த நோய்கள் வராதா?

காளை வழியாக வருபவை வெகுவாகக் குறையும். சோதித்த காளையின் விந்தாக இருக்க வேண்டும். விந்தைப் பதப்படுத்தும்போது ஆன்டிபயாடிக்கும் சேர்ப்பார்கள். ஆனால் அழுக்கான பிறப்புறுப்பைத் துடைக்காமல் குழாயை நுழைத்தால் வெளியே இருந்த சாணக் கிருமியை நாமே உள்ளே கொண்டுவிடுகிறோம்.

ஏழாம் மாதத்தில் மாடு கன்று வீசிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் கையுறை. வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். வீசிய கன்றையும் கொடியையும் நாய் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தொழுவத்து நோய் அடுத்த தொழுவத்துக்குப் போகும் வழிகளில் நாயின் வாயும் ஒன்று. அந்த நாய்க்கே மாட்டுப் புருசெல்லா தொற்றுவதும் உண்டு. சோதனைக்கு மாதிரி எடுத்த பிறகு, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். கிடந்த இடத்து வைக்கோலும் அப்படியே. தரையைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுங்கள்.

உடனே புதைத்துவிட்டால் காரணம் தெரியாமலே போய்விடும். கன்றும் கொடியும் சேர்த்து, ஐஸில் வைத்து (உறைய விடாமல்) ஆய்வகத்துக்குப் போனால் கன்றின் இரைப்பைத் திரவத்திலிருந்து கிருமியைக் கண்டுபிடிக்க முடியும். தாயின் இரத்தம் இப்போது ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை.

காரணம் பாக்டீரியா என்றால் சந்தேகப் பட்டியலில் முதல் இடம் புருசெல்லாவுக்கு. லெப்டோஸ்பைராவும் உண்டு. அது எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும். தொற்றிச் சில வாரம் கழித்துத்தான் கன்று வீசும், அப்போது மாடு பார்க்க நலமாகவே இருக்கும். சரியாகப் புளிக்காத, மண் கலந்த ஊறுகாய்ப் புல்லைத் தின்று லிஸ்டீரியாவால் வீசுவதும் உண்டு. பாக்டீரியாவே இல்லாமல் வைரஸ், ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, பூஞ்சை, ஒரு கொம்புக்குத்து என்று வேறு காரணங்களும் இருக்கலாம். மாதிரி அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

கன்று வீச்சு நோய் என்கிறார்களே, அந்தப் புருசெல்லா எப்படி வேலை செய்கிறது?

மாட்டில் புருசெல்லா அபார்டஸ், ஆடுகளில் புருசெல்லா மெலிடென்சிஸ், பன்றியில் புருசெல்லா சூயிஸ், நாயில் புருசெல்லா கேனிஸ். 1887-இல் டேவிட் புரூஸ் மால்டாத் தீவில் காய்ச்சலில் இறந்த படைவீரர்களின் உடலிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பெயர் அவரிடமிருந்து வந்தது. மாட்டில் கன்று வீச்சுக்குக் காரணமானதை 1897-இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் கண்டுபிடித்தார். மால்டாவில் அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை 1905-இல் கிடைத்தது. தெமிஸ்டாக்கிளிஸ் சமிட் என்ற மருத்துவர் நோயே தெரியாத ஆடுகளின் இரத்தத்தில் அதன் தடயத்தைக் கண்டார். அந்த ஆடுகளின் பச்சைப் பாலைத்தான் எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாட்டின் கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை போன்ற ஒரு பொருள் இருக்கிறது. புருசெல்லாவுக்கு அது விருப்பமான உணவு. சினை முற்ற முற்ற அங்கே போய்ப் பெருகிக் கொடியை அழிக்கும். அதனால்தான் ஐந்தாம் மாதத்துக்கு மேல், பெரும்பாலும் ஏழு எட்டு மாதத்தில் கன்று விழுகிறது.

இந்த நோயின் பெரிய ஏமாற்று என்னவென்றால், பெரும்பாலான மாடுகள் ஒரே ஒருமுறைதான் வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்று போடும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் ஆயுள் முழுக்க இருக்கும். ஒவ்வொரு ஈற்றின் போதும், கறக்கும் பாலிலும் வெளியே வரும். மாட்டுக்கு நம்பி ஏற்கத்தக்க மருத்துவம் கிடையாது. ஆகவே புது மாடு வாங்கும்போது, அது கன்று வீசியதா என்று கேட்டால் போதாது. இரத்தம் சோதித்துவிட்டுத்தான் மந்தையில் சேர்க்க வேண்டும்.

தடுப்பூசி உண்டா?

மாட்டுக்கு உண்டு. எஸ் 19 என்ற தடுப்பூசியை 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஒருமுறை போடுவார்கள். ஆண் கன்றுக்குப் போடக் கூடாது, விரையில் தங்கிவிடும். சினை மாட்டுக்கும் போடுவதில்லை. ஆடுகளுக்கு ரெவ் 1. இரண்டுமே உயிருள்ள கிருமி கொண்டவை. ஊசி தவறிப் போடுபவரின் கையில் குத்திவிட்டால் அவருக்கே நோய் வரலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கன்றைப் பிடித்துக்கொடுக்கிறவர் இறுக்கமாகப் பிடித்துக்கொடுங்கள்.

ஆட்டு மந்தையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி வீசுகிறது.

ஒரு ஆடு வீசினால் தற்செயலாக இருக்கலாம். இரண்டு மூன்று வீசினால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். கிளமிடியா அபார்டஸ் என்றால் ஈன வேண்டிய நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வீசும். இந்த ஈற்றுக் காலத்தில் தொற்றியது பல ஆடுகளில் அடுத்த ஈற்றில்தான் வெளிப்படும் என்பதால், வாங்கி வந்த ஆடு கொண்டுவந்த நோயை அடுத்த வருடம்தான் உணர்வோம்.

காக்சியெல்லா இன்னும் கவலை தருவது. கியூ காய்ச்சல் என்று மனிதருக்கு வருவது இதுதான். ஈன்ற ஆட்டின் கொடியில் கோடிக்கணக்கில் இருக்கும், காய்ந்து தூசியோடு காற்றில் பறக்கும், மாதக்கணக்கில் சாகாது. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து இப்படிப் பரவி 4,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அவர்களில் பலர் ஆட்டைத் தொட்டவர்களே இல்லை, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

கிளமிடியா, காக்சியெல்லா, லிஸ்டீரியா, புருசெல்லா எல்லாமே கர்ப்பிணிப் பெண்களுக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் ஆபத்தானவை. குட்டி போடும் காலத்தில் அவர்கள் ஆட்டுக் கொட்டிலுக்குள் போகவே கூடாது. அங்கே வேலை செய்தவரின் துணியையும் அவர்கள் துவைக்க வேண்டாம்.

பாலைக் குடிக்கலாமா?

காய்ச்சிக் குடிக்கலாம். பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். பச்சைப் பாலும், அதிலிருந்து செய்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வேண்டாம். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பால் வேறு கதை. காய்ச்சினாலும் மருந்து போகாது, மருந்துக்குச் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

தொழுவத்தில் வேலை செய்பவருக்கு மாலையில் ஏறி விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி வாரக்கணக்கில் இருந்தால், மருத்துவரிடம் 'நான் மாடு பார்க்கிறவன், கன்று வீசியது' என்று தாமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு காய்ச்சல் என்று மாதக்கணக்கில் அலைய நேரும். சரியான மருந்தை ஆறு வாரம் விடாமல் எடுத்தால் குணமாகும்.

என் நாய் பருவம் முடிந்து ஒரு மாதமாகிறது. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது.

இன்றே கூட்டிச்செல்லுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து 4 முதல் 8 வாரம், தண்ணீர் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, சோர்வு. இத்தனையும் சேர்ந்தால் வேறு ஒன்று என்று நிரூபணமாகும்வரை அது சீழ்க்கருப்பைதான். மருத்துவர்கள் பயோமெட்ரா என்பார்கள்.

நாயின் உடலில் ஒரு வினோதம் உண்டு. சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சினையானாலும் ஆகாவிட்டாலும், பருவத்துக்குப் பிறகு சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அந்த ஹார்மோன் கருப்பைச் சுவரைத் தடிக்கச் செய்கிறது, சுரப்பிகளில் நீர் சுரக்க வைக்கிறது, கருப்பை சுருங்குவதைத் தடுக்கிறது, வாயை மூடுகிறது, உள்ளூர் எதிர்ப்பையும் குறைக்கிறது. குட்டிக்காகச் செய்த ஏற்பாடு அத்தனையும் கிருமிக்கும் வசதியாகிவிடுகிறது. பருவத்தின்போது குடலிலிருந்து ஏறிவந்த ஈ.கோலை அங்கே பெருகும். ஒவ்வொரு பருவத்துக்கும் சுவர் இன்னும் கொஞ்சம் கெடுவதால் வயது ஏற ஏற வாய்ப்பு அதிகம். கருத்தடை அதிகம் செய்யாத ஸ்வீடன் நாட்டின் நாய்க் காப்பீட்டுக் கணக்குப்படி, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருக்கிறது.

தாகம் எதற்கு என்றால், ஈ.கோலையின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கி நீரைப் பிடித்துவைக்க முடியாமல் செய்துவிடுகிறது. கருப்பை நோய்க்கு முதல் அறிகுறி தண்ணீர்க் கிண்ணத்தில் தெரிவது இப்படித்தான்.

ஒழுக்கு எதுவும் இல்லையே, பிறகு எப்படி?

அதுதான் கூடுதல் ஆபத்து. வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வரும், நாமும் பார்த்துவிடுவோம். மூடியிருந்தால் உள்ளேயே தேங்கி வயிறு உப்பும், கருப்பை கிழிந்து வயிற்றுக்குள் கொட்டலாம். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும்.

அறுவை இல்லாமல் மருந்திலேயே சரிசெய்ய முடியாதா?

சில நாய்களுக்கு முடியும். இளவயது, குட்டி வேண்டும் என்ற நிலை, வாய் திறந்த வகை, சிறுநீரகம் நன்றாக இருப்பது. இவையெல்லாம் அமைந்தால், புரோஜெஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் அக்லெப்ரிஸ்டோனும் புரோஸ்டாகிளாண்டினும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். அடுத்த பருவத்திலும் திரும்ப வரலாம் என்பதால் அப்போதே சேர்த்துக் குட்டி எடுத்துவிடச் சொல்வார்கள். மற்ற எல்லா நாய்க்கும் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவதுதான் வழி. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போடும் நாட்கள் நாயின் கணக்கிலிருந்து கழிகின்றன. தேக்கிய சீழுக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது.

தெரியாமல் இணைந்துவிட்டது. கரு நிற்காமல் இருக்க ஊசி போட்டேன். அதனால் வருமா?

வரலாம். ஈஸ்ட்ரஜன் வகை ஊசி இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டும். பருவமே வராமல் தடுக்கப் போடும் புரோஜெஸ்டிரோன் வகை ஊசியும் அப்படியே. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அறுவையில் சினைப்பைத் துண்டு ஏதும் மிஞ்சியிருந்தால் மீதமுள்ள கருப்பைத் தண்டில் சீழ் பிடிப்பது உண்டு, ஆனால் அரிது.

குட்டி போட்ட நாய்க்குப் பச்சையாக வழிகிறது.

குட்டி வந்த பிறகு கரும்பச்சை இயல்புதான், நாய்க் கொடியின் நிறமி அது. பிறகு செம்பழுப்பாக மாறி மூன்று வாரத்துக்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். முதல் குட்டி வெளிவரும் முன்பே பச்சை வந்து, குட்டி வரவில்லை என்றால் கொடி பிரிந்துவிட்டது. அது அவசரம்.

ஈன்ற முதல் வாரத்தில் நாற்றமடிக்கும் ஒழுக்கு, காய்ச்சல், குட்டிகளை அண்டவிடாத தாய், ஓயாமல் கத்தும் குட்டிகள் என்றால் கருப்பை அழற்சி. பெரும்பாலும் தங்கிய கொடியோ செத்த குட்டியோ உள்ளே இருக்கும்.

நான்கு மாதப் பெண் குட்டிக்கு மஞ்சளாகக் கசிகிறது.

குட்டி துறுதுறுவென்று இருந்தால் விட்டுவிடலாம். வெளியே துடைத்துச் சுத்தமாக வைத்தால் போதும். முதல் பருவம் வந்ததும் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

ஆண் நாய்க்கும் இதெல்லாம் வருமா?

வரும். குறியின் நுனியில் மஞ்சள் பச்சையாக ஒரு துளி இருப்பது நோயில்லை. இரத்தம் சொட்டுவது, மலம் கழிக்க முக்குவது, இடுப்பு வலியோடு நடப்பது என்றால் புரோஸ்டேட் அழற்சி. அந்தச் சுரப்பிக்குள் எல்லா ஆன்டிபயாடிக்கும் நுழையாது. நுழையக்கூடியதை நான்கு முதல் ஆறு வாரம் கொடுக்க வேண்டும், விதைநீக்கமும் செய்தால் திரும்புவது குறையும். விரை ஒன்று வீங்கிச் சூடாக இருந்தால் புருசெல்லா சோதனை அவசியம்.

நாய்க்கு வரும் புருசெல்லா?

பெண் நாய் 45 முதல் 55 நாளுக்குள் குட்டி வீசும், பிறகு வாரக்கணக்கில் ஒழுக்கு இருக்கும். ஆண் நாய்க்கு விரையை ஒட்டிய பகுதி வீங்கிப் பின்னர் சுருங்கி மலடாகும். சேர்க்கையாலும், வீசிய குட்டியை முகர்வதாலும் நக்குவதாலும் பரவும். தடுப்பூசி இல்லை, மருந்து கொடுத்தாலும் முழுதாக ஒழிவது நிச்சயமில்லை, மனிதருக்கும் வரும். இனவிருத்திக்கு நாய் வைத்திருப்பவர்கள் இரண்டு நாய்களையும் சோதிக்காமல் சேர்ப்பது பெரிய தவறு.

மாதக்கணக்கில் இரத்தம் சொட்டுகிறது, நாய் மற்றபடி நன்றாக இருக்கிறது.

தெருவில் திரியும் நாய்களில் இது பெரும்பாலும் பாக்டீரியா இல்லை. சேர்க்கையில் செல்லாகவே ஒட்டிக்கொள்ளும் ஒருவகைக் கட்டி, உள்ளே காலிஃபிளவர் போல வளர்ந்திருக்கும். வின்கிரிஸ்டின் ஊசிக்கு நன்றாகக் கரையும். ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாட்கள்தான் வீண்.

மருத்துவரை அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஈன்ற தேதி அல்லது கடைசிப் பருவத்தின் தேதி. கொடி எப்போது விழுந்தது, யாராவது கை விட்டார்களா. ஒழுக்கின் நிறம், நாற்றம், எத்தனை நாளாக. இன்று காலை உடல்வெப்பம். சாப்பாடு, தண்ணீர். எந்தக் காளை, எந்த நாயோடு சேர்ந்தது. முன்பு வீசியிருக்கிறதா, தொழுவத்தில் வேறு எது வீசியது. ஏற்கெனவே ஏதாவது ஊசி போட்டிருந்தால் அதன் பெயர், முடிந்தால் காலிக் குப்பியே. போட்டுவிட்டோமே என்று மறைக்க வேண்டாம். அது தெரியாமல் கொடுக்கும் அடுத்த மருந்து தவறாகப் போகலாம்.